பள்ளிக்கூடத்து மண்ணை முழுசா மூடிடாதீங்க – பள்ளி மேலாண்மைக் குழு (எஸ்.எம்.சி.) உறுப்பினர்களுக்கு ஒரு அம்மாவோட திறந்த மடல்

ஹெச்.எம். டீச்சருக்கும், பள்ளி மேலாண்மைக் குழு தலைவி அக்காவுக்கும், குழுவுல இருக்குற மத்த அப்பா அம்மாக்களுக்கும், பிரசிடென்ட் அண்ணனுக்கும் வணக்கம்.

போன கூட்டத்துல நம்ம தொடக்கப்பள்ளி வளாகத்த கேட்டுல இருந்து பின்பக்க காம்பவுண்டு வரைக்கும் ஒரு அடி மண்ணு தெரியாம பேவர் பிளாக் போடணும், சத்துணவுக் கூடத்துக்குப் பின்னாடி இருக்குற புதரையும் எருக்கஞ்செடியையும் ஜேசிபி விட்டு வழிச்சிடணும், அந்த தூங்குமூஞ்சி மரத்தையும் எடுத்துடணும்னு பேசி முடிவு பண்ணிருக்கீங்க. குரூப்புல தீர்மானத்த போட்டோ எடுத்து போட்டிருந்தாங்க, படிச்சேன். கீழ எல்லாரும் கையெடுத்துக் கும்பிடுற பொம்மையும் கைதட்டுற பொம்மையும் போட்டிருந்தாங்க, அதுக்கு நடுவுல நான் என்னத்த எழுதுறது, எழுதுனா நாலு வரியில முடியாது, அதான் தனியா இப்படி எல்லாருக்கும் சேத்து எழுதுறேன். நீளமா இருக்கும், பொறுத்துக்கிட்டு படிங்க.

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், நான் பேவர் பிளாக்குக்கு எதிரி கிடையாது. செங்கம் பக்கம் ஐப்பசி மழ எப்படி அடிக்கும்னு நமக்குத் தெரியும், கேட்டுல இருந்து கிளாஸ் ரூம் வரைக்கும் புள்ளைங்க சேத்துல வழுக்கிக்கிட்டுதான் போவுதுங்க, பாத்ரூம் போற வழி அதவிட மோசம், ஒண்ணாங்கிளாஸ் புள்ள ஒண்ணு விழுந்து யூனிபார்ம் பூரா சேறாகி அழுதுகிட்டே வீட்டுக்கு வந்தத நானே பாத்திருக்கேன். அங்கெல்லாம் கண்டிப்பா போடுங்க. பிரேயர் நடக்குற இடத்துலயும் போடணும்னா போடுங்க. நான் கேக்குறது மிச்சத்த விட்டுடுங்கன்னு. குறிப்பா சத்துணவுக் கூடத்துக்குப் பின்னாடி இருக்குற அந்த மூலை, அந்த மரம். அந்த எடம் உங்க கண்ணுக்கு சும்மா கிடக்குற எடமா தெரியுது, ஆனா எங்க பாப்பா படிக்கிறதுல பாதிய அங்கதான் படிக்கிறா, இத நான் அழகுக்காக சொல்லல, நெசமாவே.

எங்க பாப்பா மூணாங்கிளாஸ். அவளுக்கு காலைல பள்ளிக்கூடம் போறதுல ரெண்டு விஷயம் முக்கியம். ஒண்ணு காலை உணவு, அதுவும் பொங்கல் போடுற நாள்னா தலைய கூட ஒழுங்கா வாரிவிட விடமாட்டா. ரெண்டாவது, சாப்ட்டு கை கழுவுற சாக்குல பின்னாடி போயி குழியானையப் பாக்குறது. உங்கள்ல பாதி பேரு இதே பள்ளிக்கூடத்துல படிச்சவங்க, குழியானை தெரியாம இருக்க மாட்டீங்க. சத்துணவுக் கூடத்து பின் சுவரு ஓரமா, சன்ஷேடுக்குக் கீழ, மாவு மாதிரி பொடிமண்ணுல வரிசையா சின்னச் சின்ன குழி இருக்கும் பாருங்க, அது. எறும்பு அதுல கால வச்சா மண்ணு சரிஞ்சு கீழ போவும், அது ஏற ஏற அடியில இருந்து ஒருத்தன் மண்ண வாரி வாரி மேல வீசுவான், கடைசில கொடுக்கால புடிச்சு உள்ள இழுத்துடுவான். நாமளும் எறும்ப புடிச்சுப் போட்டு பாத்தவங்கதான், உள்ளங்கையில விட்டா பின்னாடியே நடக்குறத பாத்து சிரிச்சவங்கதான். ஆனா நாம அதோட வுட்டுட்டோம். இதுங்க விடல.

ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல அவ கேட்ட கேள்வி, குழி ஏன் இந்தச் சுவரு ஓரத்துல மட்டும் இருக்கு, அந்தப் பக்கம் இருக்குற சுவரு ஓரத்துல ஏன் ஒண்ணு கூட இல்லன்னு. டீச்சர் அப்ப ஒண்ணாங்கிளாஸ் புள்ளைங்களுக்கும் சேத்து பாத்துக்கிட்டு இருந்தாங்க, ரெண்டு டீச்சர் இருக்குற பள்ளிக்கூடத்துல அவங்க நெலம நமக்குத் தெரியும், ஆனாலும் அவங்க விரட்டல, "எனக்கும் தெரியல, நீயே பாத்துட்டு வந்து சொல்லு"ன்னாங்களாம். அந்த ஒரு வார்த்தைக்காக அந்த டீச்சருக்கு நான் எத்தன கும்பிடு வேணாலும் போடுவேன். இவளும் இன்னும் மூணு நாலு புள்ளைங்களும் சேந்துகிட்டு ரெண்டு பக்கமும் மண்ண எடுத்து பாத்திருக்காங்க. அந்தப் பக்கம் சரளையா கல்லு கலந்த மண்ணு. சரி இந்தப் பக்கத்து பொடிமண்ண கொண்டு போயி அங்க கொட்டுவோம்னு சிரட்டையில அள்ளிக் கொட்டிருக்காங்க, ரெண்டு குழியானைய வேற புடிச்சு அங்க விட்டிருக்காங்க. அடுத்த நாள் பாத்தா நெசமாவே குழி இருந்துச்சாம், கொண்டாட்டம்! அப்புறம் ஒரு சாரல் அடிச்சுது, அந்தப் பக்கத்து சன்ஷேடு குட்டை, மண்ணு நனைஞ்சு இறுகிப் போச்சு, குழி போச்சு. அப்ப இவ வந்து எங்கிட்ட சொன்னா, "ம்மா, அதுக்கு பொடிமண்ணும் வேணும், மழையும் படக்கூடாது, ரெண்டும் வேணும்"னு. இத யாரும் அவளுக்கு சொல்லித் தரல. புஸ்தகத்துல இருந்து எடுக்கல. ஒண்ணு மாத்தி ஒண்ணு செஞ்சு பாத்து, தப்பா நெனச்சத சரி பண்ணி, ஒரு எட்டு வயசுப் புள்ள தானா கண்டுபுடிச்சது. பெரிய பெரிய காலேஜுல சயின்ஸ்னு செய்யறதும் இதத்தானே?

அதுக்கப்புறம் இன்னொரு கேள்வி வந்துச்சு, எழுத கூச்சமா இருக்கு, ஆனா புள்ளைங்களுக்கு இந்த மாதிரி கேள்விதான் முதல்ல வரும், இவ்ளோ எறும்பு திங்குதே, அது எங்க ஆய் போவும்னு. நான் போன்ல தேடிப் பாத்து அசந்துட்டேன். அது போறதே இல்லையாம்! குழிக்குள்ள இருக்குற வரைக்கும் கழிவு வெளிய போற வழியே அதுக்கு கிடையாது, எல்லாத்தையும் வயித்துலயே சேத்து வச்சிருந்து, றெக்க மொளைச்சு வெளிய வந்த பிறகுதான் மொத்தமா போடும். அப்பதான் எனக்கே தெரிஞ்சுது குழியானைங்கறது ஒரு புழு, அது வளந்து பறக்குற பூச்சியா ஆவும்னு. இத்தன வருஷம் அது அவ்ளோதான், அப்படியே இருக்கும்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். இத பாப்பா கிளாஸ்ல சொல்ல, அதெல்லாம் பொய்யின்னு அஞ்சாங்கிளாஸ் பையன் ஒருத்தன் பந்தயம் கட்ட, டீச்சர் ஒரு பழைய கண்ணாடி டம்ளர்ல பொடிமண்ணு போட்டு ஒரு குழியானைய ஜன்னலோரம் வச்சுட்டாங்க. தெனம் யாராச்சும் ஒருத்தர் எறும்பு போடணும், அதுக்கு முறை வச்சு போர்டுல பேரு எழுதிருந்தாங்க. ஒருநாள் குழி இல்ல. செத்துப் போச்சுன்னு அழுகை. மெதுவா கிண்டிப் பாத்தா மண்ணு ஒட்டுன சின்ன உருண்டை ஒண்ணு, அது நூல் நூத்து மேல மண்ண ஒட்ட வச்சு தனக்குத்தானே கட்டிக்கிட்ட கூடு. பல நாள் கழிச்சு உருண்டை ஒடஞ்சு டம்ளர் விளிம்புல தட்டான் கணக்கா ஒண்ணு உக்காந்திருந்துச்சாம், ஆனா தட்டான் இல்ல, தட்டானுக்கு மீசை கண்ணுக்கே தெரியாது, இதுக்கு நல்லா தடியா, நுனி உருண்டு இருக்கும். பந்தயத்துல தோத்த பையன் ரெண்டு கமர்கட்டு வாங்கித் தந்தான். அன்னைக்கு அந்த வகுப்புல ஒரு புள்ள கூட தூங்கிருக்காதுன்னு நெனைக்கிறேன்.

இன்னொன்னும் சொல்லணும், ஏன்னா கூட்டத்துல "படிப்புக்கு என்ன பிரயோஜனம்"னு கேப்பீங்க. எண்ணும் எழுத்தும் திட்டம் 2022ல வந்துச்சு, அரும்பு மொட்டு மலர்னு புள்ளைங்கள பிரிச்சு, அதது எந்த எடத்துல நிக்குதோ அங்க இருந்து சொல்லித் தர்றாங்க, நல்ல திட்டம்தான், ஆடல் பாடல்லாம் இருக்கு, எங்க பாப்பா பாட்டெல்லாம் சூப்பரா பாடுவா. ஆனா எழுதச் சொன்னா மட்டும் ரெண்டு வரிக்கு மேல வராது. "மாடு பால் தரும். மாடு புல் தின்னும்." அவ்ளோதான். ரொம்ப நாளா மொட்டுலயே இருந்தா, நானும் திட்டிப் பாத்தேன், டியூஷன் அனுப்பலாமான்னு கூட யோசிச்சேன். குழியானைய டம்ளர்ல வச்ச பிறகு, அதப் பத்தி தெனம் ஒரு வரி எழுதணும்னு டீச்சர் சொல்ல, இவ ஒரு பக்கம் எழுதுனா. தப்பும் தவறுமா, றகரம் ரகரம் எல்லாம் மாறி, ஆனா ஒரு பக்கம்! சொல்றதுக்கு அவகிட்ட விஷயம் இருந்துச்சு, அதான். மாடு பால் தரும்னு எல்லாருக்கும் தெரியும், அத ஏன் எழுதணும்?

எருக்கஞ்செடிக்கு வருவோம். அதோட பால் கண்ணுல பட்டா ஆபத்து, இத நான் மறுக்கல, தலைவி அக்கா சொன்னது முழுக்க சரி, கண்ணு செவந்து பார்வையே மங்கிடும். அதனால கிளாஸ் ரூம் பக்கத்துல இருக்குற ரெண்டு செடியையும் புடுங்கிடுங்க, நானே வந்து புடுங்குறேன். ஆனா பின் காம்பவுண்டு மூலையில இருக்குறத சுத்தி முள்ளு வேலி போட்டு விட்டுடலாம், புள்ளைங்க வேலிக்கு இந்தப் பக்கம் இருந்து பாக்கட்டும். ஏன்னா அதுல வெள்ளையும் கருப்பும் மஞ்சளுமா வரி போட்ட புழு வரும், உடம்புல ஜோடி ஜோடியா கருப்புக் கொம்பு நீட்டிக்கிட்டு இருக்கும், அது எருக்கு எலையத் திங்குற புழு. ஆடு கூட கடிக்காத எலைய அது தின்னு, அந்த விஷத்தயே தன் உடம்புல ஏத்திக்கும், அதனால பறவைங்க அத தொடாது. பாப்பா கேட்டது என்னன்னா, மத்த புழுவெல்லாம் பச்சையா எலைக்குள்ள ஒளிஞ்சுக்குது, இது மட்டும் ஏன் இப்படி பளிச்சுன்னு கலர் போட்டுக்கிட்டு வெளிய உக்காந்திருக்குன்னு. அதுதான் விஷயமே, என்னத் தின்னா உனக்குதான் கேடுன்னு பாக்குற எடத்துல இருந்தே சொல்லிடுது. அந்தப் புழுதான் கூட்டுப்புழுவா தொங்கி, அப்புறம் வெந்தய வரியனா பறக்கும், செம்மஞ்சள் கலர்ல றெக்க நுனியில மட்டும் கருப்பும் வெள்ளையுமா, நம்ம ஊர் பூரா சுத்துற பட்டாம்பூச்சிதான் அது. 2019ல நம்ம அரசாங்கம் தமிழ் மறவன்னு ஒரு பட்டாம்பூச்சிய மாநிலப் பட்டாம்பூச்சியா அறிவிச்சுது, பொது அறிவு கேள்வில அத கேக்குறாங்க, புள்ளைங்களும் மனப்பாடம் பண்ணுதுங்க. அது மலைக்காட்டுல இருக்குறது, நம்ம புள்ளைங்க பாக்கப் போறதில்ல. வெந்தய வரியன் தெனம் மூக்குக்கு முன்னாடி பறக்குது, அதுக்கு சோறு போடுற செடிய நாம ஜேசிபில அள்ளுறோம்.

சத்துணவு அக்கா வச்ச கறிவேப்பிலை செடியிலயும் இப்படித்தான் ஒரு கதை. எலை மேல காக்கா எச்சம் மாதிரி ஒண்ணு இருந்துச்சாம், தொட்டா நகருது. எலுமிச்சை, கறிவேப்பிலையில வர்ற பட்டாம்பூச்சியோட புழு சின்ன வயசுல அப்படித்தான் எச்சம் மாதிரியே வேஷம் போடும், வளந்த பிறகு பச்சையா மாறிடும், சீண்டுனா தலையில இருந்து செவப்பா ரெண்டு கொம்ப நீட்டி ஒரு நாத்தம் அடிக்கும். பரீட்சைல பட்டாம்பூச்சி வாழ்க்கைச் சுழற்சி படம் வரையச் சொன்னாங்க, எல்லாரும் புஸ்தகத்துல இருக்குற பச்சப்புழுவ வரைஞ்சாங்க, எங்க பாப்பா எச்சம் மாதிரி ஒண்ண வரைஞ்சு, அப்புறம் பச்சப்புழு, அப்புறம் கொம்பு நீட்டுன புழுன்னு பக்கமே பத்தாம வரைஞ்சு வச்சிருந்தா. டீச்சர் சிரிச்சுட்டு முழு மார்க் போட்டாங்க.

இனி மரம். தூங்குமூஞ்சி மரம் குப்பை போடுது, காய் ஒட்டுது, அது வெளிநாட்டு மரம், வெட்டுனா ஒண்ணும் ஆவாதுன்னு கூட்டத்துல ஒரு அண்ணன் சொன்னதா கேள்வி. வெளிநாட்டு மரம்தான், தென் அமெரிக்கா பக்கத்துல இருந்து வந்ததுதான். மிளகாயும் அங்க இருந்து வந்ததுதான் அண்ணே, நம்ம வீட்டு காரக்கொழம்ப யாரும் நிறுத்தல. நாட்டு மரம் வேணும்னா எனக்கும் சந்தோஷம், புங்கன் வைங்க, வேம்பு வைங்க, நாவல் வைங்க, பக்கத்துலயே வைங்க, அது வளந்து இந்த அளவுக்கு நெழல் குடுக்குற அன்னைக்கு இத வெட்டுறதப் பத்தி பேசுவோம். அதுவரைக்கும் பங்குனி வெயில்ல புள்ளைங்க எங்க உக்காந்து சாப்பிடும்? இந்த மரத்துக் கிளை காத்துக்கு சட்டுனு ஒடியும்ங்கறதும் நெசம், அதனால வடகிழக்கு மழ ஆரம்பிக்குறதுக்கு முன்னாடி காஞ்ச கிளைய மட்டும் தெரிஞ்ச ஆளு வச்சு கழிச்சு விடுங்க. மொத்தமா வெட்டணும்னாலும் நாம நெனச்ச உடனே வெட்டிட முடியாது, அரசு எடத்துல நிக்குற மரத்துக்கு கலெக்டர் தலைமையில இருக்குற மாவட்டப் பசுமைக் குழு அனுமதி வேணும், ஹெச்.எம். டீச்சர் மேல பழி வந்துடக் கூடாதேன்னுதான் இத சொல்றேன்.

அந்த மரம் புள்ளைங்களுக்கு ஒரு கடிகாரமும் கூட. சாயங்காலம் எல மூடிக்கும்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா பகல்லயே வானம் நல்லா இருட்டிக்கிட்டு வந்தாலும் மூடும். "டீச்சர், மரம் தூங்குது, துணிய எடுக்கச் சொல்லணும்"னு ஒரு பையன் கிளாஸ் நடுவுல எழுந்து நின்னானாம், அவங்க வீட்டுல லாண்டரி வச்சிருக்காங்க. இது போதாதா?

காக்கா ரெண்டு அதுல கூடு கட்டும். லீவு முடிஞ்சு ஜூன்ல பள்ளிக்கூடம் தொறந்தப்ப, புள்ளி புள்ளியா ஒரு குஞ்சு வாயத் தொறந்து கத்த, காக்கா அதுக்கு முட்டைத் துண்டு ஊட்டிக்கிட்டு இருந்தத எல்லா புள்ளைங்களும் வரிசையா நின்னு பாத்திருக்காங்க. குயிலு காக்கா கூட்டுல முட்ட போடும்னு நாம படிச்சிருக்கோம், அவ்ளோதான், இதுங்க கண்ணால பாத்துச்சுங்க. கைகழுவுற தொட்டிக்கிட்ட எறும்பு சாரைய ஒருத்தன் விரலால தேய்ச்சு விட்டு, எறும்புங்க ரெண்டு பக்கமும் திகைச்சு நின்னு, அப்புறம் ஒண்ணு துணிஞ்சு கடந்து, பின்னாடியே எல்லாம் வந்தத பாத்து, எறும்பு கண்ணால பாத்து போறதில்ல வாசனைய புடிச்சுக்கிட்டு போவுதுன்னு இதுங்களே பேசிக்கிட்டுச்சுங்க. முத மழைக்கு மறுநாள் செகப்பா வெல்வெட் துணி மாதிரி பட்டுப்பூச்சி வரும்ல, அதுக்கு எங்க பாப்பா கால எண்ணி எட்டுன்னு சொன்னா, பூச்சிக்கு ஆறு கால்தானேன்னு நான் சொல்ல, "அப்ப இது பூச்சி இல்ல ம்மா"ன்னா. தேடிப் பாத்தா நெசமாவே பூச்சி இல்ல, சிலந்தி வகையறா. நான் பன்னெண்டாவது வரைக்கும் படிச்சிருக்கேன், எனக்குத் தெரியாது.

வேலி ஓரத்து பாதாம் செடியில தையல்சிட்டு எலைய தச்சு கூடு கட்டிருந்துச்சு. அதுல செருகி இருந்த நூலு ஒண்ணு நான் பிளவுஸுக்கு ஓவர்லாக் போட்டு கீழ போட்ட கிளிப்பச்ச நூலு மாதிரியே இருந்துச்சுன்னு பாப்பா சத்தியம் பண்றா. இருக்கலாம், எங்க வீடு பள்ளிக்கூடத்துக்கு பின்தெருதான். அன்னைல இருந்து வெட்டுன நூலையெல்லாம் குப்பைல போட விடமாட்டேங்கறா, ஜன்னல் கம்பியில தொங்க விடணுமாம்.

இப்ப பாம்பு. இதுதான் உங்க எல்லாருக்கும் பெரிய பயம், எனக்கும்தான், என் புள்ளையும் அங்கதான் இருக்கா. போன வருஷம் சத்துணவுக் கூடத்துப் பக்கம் பாம்பு வந்துச்சு, ஃபயர் சர்வீஸ்காரங்க வந்து புடிச்சுட்டுப் போனாங்க. அது எங்க இருந்துச்சு? புதர்ல இல்ல. ஒடஞ்ச பெஞ்சும் பழைய ஓடும் பாத்ரூம் கட்டுனப்ப மிச்சமான செங்கல்லும் குவிச்சு வச்சிருக்கோமே, அதுக்குள்ள. பாம்பு எலிக்கு வருது, எலி அரிசிக்கு வருது, ரெண்டுக்கும் ஒளிஞ்சுக்க அந்தக் குவியல் வசதியா இருக்கு. நல்லபாம்போ கட்டுவிரியனோ, அதுங்களுக்கு வேண்டியது சந்து, பொந்து, இருட்டு. பேவர் பிளாக் போட்டாலும் அந்தக் குவியல் அப்படியே ஒரு மூலைல நகந்து உக்காந்துக்கும், கட்டட வேலை நடக்குற எல்லா எடத்துலயும் அதுதான் நடக்குது. அதனால முதல்ல அத அள்ளுங்க, அரிசி மூட்டைய ரெண்டு அடி ஒசரத்துல பலகை போட்டு அதுமேல வைக்கச் சொல்லுங்க, சத்துணவுக் கூடத்துக் கதவுக்கு அடியில இருக்குற இடுக்க தகரம் வச்சு அடைங்க, புல்லு கணுக்காலுக்கு மேல வளராம வெட்டி விடுங்க. இதுக்கெல்லாம் ஆவுற செலவு ஒரு லோடு பேவர் பிளாக்குக்குக் கூட வராது.

பக்கத்து ஊர்ல ஒரு பள்ளிக்கூடத்துல முழுசா போட்டுட்டாங்க, பேரு வேணாம். பாக்க பளிச்சுன்னுதான் இருக்கு, போட்டோவுக்கு நல்லாருக்கும். ஒரு ஆண்டு விழாவுக்கு பிளவுஸ் தைச்சுக் குடுக்கப் போயிருந்தேன், மத்தியான இன்டர்வெல்லு, ஒரு புள்ள கூட வெளிய இல்ல. செருப்ப வாசல்ல கழட்டிப் போட்டுட்டுதான் கிளாஸுக்குள்ள போவணும், வெளிய வந்தா கல்லு சுடுது, செருப்ப தேடி மாட்டுறதுக்குள்ள பெல்லு அடிச்சுடும், அதனால உள்ளயே உக்காந்து புதுசா வந்த ஸ்மார்ட் போர்டுல கார்ட்டூன் பாத்துக்கிட்டு இருக்குதுங்க. மழத் தண்ணி நிக்காம ஓடிடுதுன்னு பெருமையா சொன்னாங்க, ஓடி எங்க போவுது, ரோட்டுக்குப் போவுது. வீட்டுக்கு வீடு மழநீர் சேகரிப்பு கட்டாயம்னு 2003லயே சட்டம் போட்ட ஊரு நம்ம தமிழ்நாடு, நாம என்னடான்னா தானா உறிஞ்சுற மண்ண காசு குடுத்து அடைக்கிறோம்.

உங்களுக்கு இதுல அதிகாரம் இல்லன்னு சொல்லிடாதீங்க. 2009 கல்வி உரிமைச் சட்டத்துலயே பள்ளி மேலாண்மைக் குழுவுல முக்கால்வாசி பேரு பெத்தவங்களா இருக்கணும், மொத்தத்துல பாதி பொம்பளைங்களா இருக்கணும்னு இருக்கு, பள்ளி மேம்பாட்டுத் திட்டம் போடுறதே இந்தக் குழுதான். அப்படின்னா மேல இருந்து யாரோ அனுப்புன ஒரே டிசைன நாம கண்ண மூடிக்கிட்டு ஏத்துக்க வேண்டியதில்ல. பாதை மட்டும் போட்டு, மிச்ச காச வேற எதுக்காச்சும் திருப்புங்க, பொம்பளப் புள்ளைங்க பாத்ரூம்ல தாழ்ப்பாள் இல்ல, அதப் பத்தி தீர்மானத்துல ஒரு வரி கூட இல்லையே!

இன்னொரு யோசனை, புடிச்சா எடுத்துக்குங்க. 2015ல இருந்து வருஷா வருஷம் பொங்கல் லீவுல தமிழ்நாடு பூரா பறவை கணக்கெடுப்பு நடக்குது, யாரு வேணாலும் கலந்துக்கலாம், ஒரு எடத்துல 15 நிமிஷம் நின்னு என்னென்ன பறவை எத்தன இருக்குன்னு எண்ணி போன்ல பதிஞ்சா போதும். காசு கிடையாது. நம்ம பள்ளிக்கூடத்துலயே மைனா, கரிச்சான், செம்போத்து, தவிட்டுக்குருவி, தேன்சிட்டு, மீன்கொத்தின்னு புள்ளைங்க சொல்ற லிஸ்டு நீளமா இருக்கு. வர்ற பொங்கலுக்கு மாட்டுப்பொங்கல் அன்னைக்கு காலைல ஒரு கால் மணி நேரம் கேட்டு தொறந்து விட்டீங்கன்னா பெத்தவங்க நாங்களே கூட்டிட்டு வந்து எண்ண வைக்கிறோம், டீச்சருங்க லீவுல வரணும்னு அவசியமில்ல. நம்ம ஊர் பள்ளிக்கூடம் பேரு அந்தக் கணக்குல ஏறட்டும்.

கொட்டேஷன் வாங்குறதுக்கு முன்னாடி இத மறுபடி ஒரு தடவ கூட்டத்துல வைங்கன்னு கேட்டுக்குறேன். அடுத்த கூட்டத்துக்கு நான் கண்டிப்பா வருவேன், தைக்குற வேலை எவ்ளோ இருந்தாலும். வேலி கட்ட முள்ளு எங்க கொல்லையிலயே இருக்கு, செங்கல் குவியல அள்ள எங்க வீட்டுக்காரரு மச்சானோட டிராக்டர ஒரு ஞாயித்துக்கிழம கேட்டு வாங்கித் தர்றேன்னு சொல்லிருக்காரு, டீசல் மட்டும் யாராச்சும் போட்டா போதும்.

இப்படிக்கு,
பின்தெரு டெய்லர் அக்கா, மூணாங்கிளாஸ் பாப்பாவோட அம்மா.

பி.கு.: ஜேசிபி வர்ற தேதி முடிவாயிருந்தா தயவு செஞ்சு முன்கூட்டியே குரூப்புல போடுங்க. பாதாம் செடியில தையல்சிட்டு கூட்டுல இப்ப குஞ்சு இருக்கு, அது பறந்து போற வரைக்குமாச்சும் அந்தப் பக்கம் கை வைக்க வேணாம்.